முதலில் இறங்குகிறவன்

சிலிண்டர் போன வாரமே வந்தாச்சு. எடுத்துட்டுப் போங்க.

என்ன, சிலிண்டர் இல்லையா? கையில சிவப்பா என்னமோ வெச்சிருக்கீங்களே. பையா? சரி, பை. வெயில் எதிர்ல அடிக்குது, அதான். யாரு நீங்க?

கண் ஆஸ்பத்திரி வேன் டிரைவரா. வீடு மாறி வந்துட்டீங்க தம்பி. இந்தத் தெருவுல கண்ணு தெரியாதவங்க நிறையப் பேர் இருக்காங்க. அந்தா மாதா சிலை வெச்ச கெபி, அதைத் தாண்டிப் போய்க் கேளுங்க.

எஸ்தாக்கியா? நான்தான் எஸ்தாக்கி. என் பேரை யார் கொடுத்தது?

கஸ்பாரா!

அப்போ நான் வரலை. போய்ச் சொல்லுங்க. காரணம் கேட்டா, அவனுக்கே தெரியும்னு சொல்லுங்க. தெரியாதும்பான். நல்லவன் வேஷம் அவனுக்குப் பிறவியிலேயே வந்தது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணி ஊத்தும்போதே சாமியாரைப் பாத்துச் சிரிச்சவனாம். அவங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. அதே நாள்ல எனக்கும் தண்ணி ஊத்தினாங்க. நான் சாமியார் அங்கியில மூத்திரம் போனேனாம். அதையும் அவதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா.

உக்காருங்க. நின்னுக்கிட்டுக் கேக்கிற கதை இல்ல இது. அந்தா நாற்காலி. அதில்லையா? அது தண்ணி டிரம்மா? பக்கத்துல இருக்கும் பாருங்க, நாற்காலி. எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிருவா இவ. சலேத்! டிரைவர் தம்பிக்கு ஒரு டீ போடு.

வேன்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தா இருக்கட்டும். கண்ணு தெரியாத கிழடுங்க எங்க ஓடிப் போயிரப் போகுது. எனக்குக் கண்ணுல ஒண்ணும் கிடையாது. கேட்டுக்கிடுங்க. கஸ்பார் கை பட்டு வர்ற எதையும் நான் தொடுறதில்ல. அது ஏன்னு சொல்லுதேன்.

நானும் அவனும் ஒரே தெரு, ஒரே வயசு. ஒரே தோணியில ஏறினோம். 'அலங்கார மாதா'. தோணின்னா நீங்க பாக்கிற மீன்பிடி போட் இல்ல, சரக்குத் தோணி. தூத்துக்குடியில வெங்காயம், ஓடு, சிமெண்டு ஏத்தி மாலத்தீவுல இறக்கணும். மழை முடிஞ்சு தொடங்கினா, தென்மேற்குல இருந்து கச்சான் காத்து கிளம்புற வரைக்கும் போறதும் வாறதும்தான் பொழப்பு. அப்போ திசை சொல்லுற மிஷின் எல்லாம் கிடையாது. காம்பாஸ் பெட்டி ஒண்ணு, தண்டலோட மூளை ஒண்ணு. தண்டல்னா தோணிக்குக் கேப்டன். அப்புறம் என் கண்ணு.

என் கண்ணுன்னா சும்மா இல்ல. திரும்பி வரும்போது கரையை முதல்ல கண்டு சொல்லுறவன் நான்தான். மத்தவங்களுக்கு அது மேகம். நான் பாய்மரத்துல பாதி ஏறி, மாதா கோயில் கோபுரம்னு கத்துவேன். ரொம்ப நேரம் கழிச்சு மத்தவன் ஒவ்வொருத்தனும் ஆமா ஆமாம்பான்.

எங்க தோணியில ஒரு முறை இருந்தது. கரையை முதல்ல கண்டவன் தலையில தண்டல் தன் தலைத்துண்டை அவுத்துக் கட்டணும். தோணி கரையில அணைஞ்சதும் பலகை போடுவாங்க இல்லையா, அதுல அவன்தான் முதல்ல இறங்கணும். தண்டலே ஆனாலும் அவனுக்குப் பின்னாலதான். கரையில பொண்டாட்டி பிள்ளைங்க, சுமைதூக்குறவங்க, முதலாளி வீட்டு ஆளுங்க எல்லாம் நிப்பாங்க. அத்தனை பேரும் பாக்க, தலையில துண்டோட ஒருத்தன் இறங்கி வாறது சாதாரணமா? அவன் கால் மண்ணுல பட்ட பிறகுதான் மத்தவங்க கால் படும்.

வருஷக்கணக்கா அந்தக் கால் என் கால். சலேத்தைக் கட்டினதே அப்படித்தான். துண்டோட இறங்கும்போதுதான் அவ என்னை முதல்ல பாத்தா. அவ கஸ்பாருக்கு மாமன் மக. முறைப்பொண்ணு. அவனுக்குத்தான்னு ரெண்டு வீட்டுலயும் பேச்சு இருந்தது. அவன் எனக்குப் பின்னால இறங்கினான். முடிஞ்சது.

என்ன சிரிக்கீங்க? டீ சூடா இருக்கா? குடிங்க.

சூசை தண்டலுக்கு முட்டி போச்சு. இறங்கிட்டார். அடுத்த தண்டல் யாரு? எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. நானும் என்னைத்தான் பாத்தேன். தோணிக்குச் சொந்தக்காரர் மச்சாது முதலாளி எங்க ரெண்டு பேரையும் கிட்டங்கிக்கு வரச் சொன்னார். கடற்கரை ரோட்டுல சரக்கு அடுக்கி வெக்கிற மாடிக் கிட்டங்கி. நான் வெளுத்த சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். அவன் அழுக்குச் சட்டையோட வந்தான். அதுவும் ஒரு தந்திரம்.

முதலாளி சன்னல் ஓரம் நின்னுக்கிட்டு, "எஸ்தாக்கி, அந்தா உள்ள வருதே, அது யாரு தோணி?"ன்னு கேட்டார்.

பாத்தேன். பச்சைக் கலர். "ரொட்ரிகோ வீட்டு ஆரோக்கிய மாதா, முதலாளி"ன்னேன்.

முதலாளி கஸ்பாரைப் பாத்தார். அவன் சன்னலைப் பாத்தான். என்னைப் பாத்தான். தொண்டையைக் கனைச்சான். "ஆமா முதலாளி. ஆரோக்கிய மாதாதான்"ன்னான்.

கிட்ட வந்தது பாருங்க, துறைமுகத்துல மண்ணு அள்ளுற மிதவை. பச்சைதான் அதுவும். எந்த மடையன் மிதவைக்குத் தோணிப் பச்சை அடிப்பான்? அது கிடக்கட்டும். நான் சொன்னதைத்தான அவனும் சொன்னான்? ஒரே பதில். தப்புன்னா ரெண்டு பேருக்கும் தப்பு. முதலாளி அவனைத் தண்டலாக்கினார். எனக்குத் தோளுல ஒரு தட்டு. "உடம்பைப் பாத்துக்கோ எஸ்தாக்கி." என் உடம்புக்கு என்ன?

படி இறங்கும்போது காதுல விழுந்தது. என் காதும் கூர்மைதான். கஸ்பார் முதலாளிகிட்ட, "எஸ்தாக்கி இல்லாம நான் தோணி ஏறமாட்டேன் முதலாளி"ங்கிறான். முதலாளி என்னமோ முனகுறார். இவன், "அதுக்கு நான் பொறுப்பு"ங்கிறான். பாத்தீங்களா? தண்டலானா மட்டும் போதலை. என்னைக் கீழ வெச்சுப் பாக்கணும். அது இல்லாம அவனுக்குத் தண்டல் வேலை ருசிக்காது.

போகமாட்டேன்னுதான் சொன்னேன். சலேத் காலைப் பிடிச்சா. போங்க, போங்கன்னு. தோணி கிளம்புற அன்னைக்குக் கரைக்கு வந்தா. எப்பவும் எனக்குப் பக்கத்துல நிக்கிறவ, அன்னைக்கு அவன் பக்கத்துல போய் நின்னா. ரெண்டு பேரும் ரகசியமாப் பேசினாங்க. அவன் தலையைக் குனிஞ்சு கேட்டான். இவ கண்ணைத் தொட்டு என்னமோ காட்டினா. முந்தானையால துடைச்சுக்கிட்டா.

நேராப் போய்க் கேட்டேன். "என்ன பேச்சு?"

"ஒண்ணுமில்ல. அத்தான்கிட்ட மாசிக் கருவாடு வாங்கிட்டு வரச் சொன்னேன்."

புருஷன் நான் போறேன் மாலத்தீவுக்கு. மாசி வாங்கிட்டு வரச் சொல்லுறது அத்தான்கிட்ட. மாசிக்கு எதுக்குக் கண்ணைத் துடைக்கணும்?

கேக்கேன் தம்பி. நீங்களும் கல்யாணம் ஆனவருதான? சொல்லுங்க.

அந்த வருஷம் அவன் எனக்குச் செஞ்சது ஒண்ணா ரெண்டா. முதல்ல சுக்கான். எப்பவும் சாயங்காலச் சுக்கான் எனக்குத்தான். வெயில் தணிஞ்சு, கடல் நிறம் மாறுற நேரம். நல்ல சுக்கானிக்குத்தான் அந்த நேரத்தைக் கொடுப்பாங்க. கஸ்பார் அதைப் பிடுங்கிட்டான். "நீரு காலையில பிடியும்வே. மத்தியானம் வரைக்கும் பிடிச்சாப் போதும்"ன்னான். உச்சி வெயில் எனக்கு, குளிர்ந்த நேரம் தண்டலுக்கு.

அப்புறம் காம்பாஸ் பெட்டி. அதுல திசைக் கோடு எல்லாம் இருக்கும். அது மேல அவன் சிவப்புப் பெயின்ட்டுல கட்டை கட்டையாக் கோடு போட்டு வெச்சான். பாலர் வகுப்புப் பிள்ளைக்கு அ, ஆ எழுதிப் போடுற மாதிரி. "என்னவே இது?"ன்னேன். "எனக்குக் கண்ணு மங்குது எஸ்தாக்கி. அதான் பெருசாப் போட்டேன்"ன்னான். அவனுக்கு மங்குதாம். அதுக்கு என் பெட்டியைக் கெடுப்பானாம்.

அதோட விட்டானா? தோணி முழுக்க வெள்ளையடிச்சான். படி விளிம்பு, கயிறு கட்டுற முளை, சரக்குக் குழி வாய், எல்லாத்துக்கும் வெள்ளை. கல்யாண வீடு கெட்டுச்சு. ஒரு வாளியைக்கூட இடம் மாத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டான். புதுசா அதிகாரம் வந்தவன் அப்படித்தான் ஆடுவான். சட்டம் போட்டது ஒரு வகையில எனக்கு வசதிதான், கால்ல எதுவும் தட்டலை. அது வேற.

இது எல்லாத்தையும்விட தொம்மை. பண்டாரி தொம்மை. தோணியில சமைக்கிறவன். அவனை என் பக்கத்துல கொண்டுவந்து உக்காத்தி வெச்சான் கஸ்பார். நான் சுக்கான் பிடிக்கிற நேரம் பூரா அவன் அங்கதான் வெங்காயம் உரிக்கணும். வாய் ஓயாது அவனுக்கு. "அண்ணே, வலது பக்கம் ஒரு மரக்கட்டை மிதக்குது பாத்தீரா." "அண்ணே, எதிர்ல ஒரு கட்டுமரம் வருது, நீரு பாத்திருப்பீரு." "அண்ணே, பாய் இந்தப் பக்கம் லேசா சுருங்குது பாருமே." நான் பாக்காததையா இவன் பாக்கப் போறான்? ஒருநாள் பொறுக்கமாட்டாம, "ஏல, சோத்தைப் பாருல"ன்னு கத்தினேன். அழுதுட்டான். வெங்காயம்னு சொன்னான். தண்டல் சொன்னாதான் எழுந்திருப்பேன்னு திரும்பவும் அங்கேயே உக்காந்தான். வேவு பாக்க வெச்ச ஆள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்தேன். கரை காணுறதுல கை வெச்சாங்க பாருங்க, அதுதான்.

அந்த வருஷம் ஒரு தடவைகூட நான் முதல்ல சொல்லலை. சொல்ல விடலை. நான் பாய்மரத்துல ஏறுறதுக்குள்ள எவனாவது கரைன்னு கத்திருவான். ஒருதரம் அந்தத் தொம்மையே கத்தினான். பண்டாரி! அடுப்புப் புகைக்குள்ள இருந்து வெளிய வந்து, கையைத் துடைச்சுக்கிட்டு, "கரை"ங்கிறான். எனக்கு அங்க ஒண்ணும் தெரியலை. மேகத்தைக் காட்டி ஏமாத்துறானுங்கன்னு நெனச்சேன். கடைசியில கரை வரத்தான் செஞ்சது. எப்படியும் ஒரு நேரம் வரத்தான செய்யும்? அவனுங்க குத்துமதிப்பாக் கத்துனானுங்க. நான் கண்ணால காணாம சொல்லமாட்டேன்.

தொம்மை துண்டோட இறங்கினான். நான் பின்னால இறங்கினேன். சலேத் கரையில நின்னா. அவ என்னைப் பாக்கலை. கஸ்பாரைப் பாத்தா. அவன் இல்லைன்னு தலையாட்டினான். அதுக்கென்ன அர்த்தம் சொல்லுங்க. பொறவு ஒரு பொட்டலம் மாசியைக் கொடுத்தான். அவ வாங்கிக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி மாசிச் சம்பல். நான் சாப்பிடமாட்டேன்னு இருந்தேன். சாப்பிட்டேன். மாசி நல்லாத்தான் இருந்தது. அது வேற.

சிங்களத் தீவு, மாலத்தீவு, எங்க போனாலும் அவனுக்கு வணக்கம். என்னைக் கேக்க ஆளில்லை. மாலத்தீவுல ஒரு கடைக்காரன், "எஸ்தாக்கி பாய், கண்ணு எப்படியிருக்கு?"ன்னு கேட்டான். உடம்பு எப்படியிருக்குன்னு கேக்கத் தெரியலை அவனுக்கு. நம்ம பேச்சு அரைகுறையாத்தான தெரியும்.

வருஷத்தோட கடைசி நடை. கச்சான் எழும்பப் போற நேரம். வானமும் கடலும் ஒண்ணாப் பால் மாதிரிக் கிடந்தது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனைக்கேன். இந்தத் தடவை விட்டா அடுத்த வருஷம்தான். நான் முடிவு பண்ணிட்டேன். சூரியன் எழும்பினதும் பாய்மரத்துல ஏறி உக்காந்துட்டேன். கஸ்பார் கீழ இருந்து, "இறங்கும்வே, இன்னும் கரை எவ்வளவோ தூரம்"ன்னான். இறங்கலை. "கஞ்சி குடிக்கவாவது இறங்கும்"ன்னான். இறங்கலை. தொம்மை கஞ்சியைத் தூக்குல கட்டி மேல அனுப்பினான். குடிக்கலை.

கண்டேன்.

வெள்ளையா. நட்டுக்க. உச்சியில சின்னதா ஒரு கம்பம், சிலுவை மாதிரி. கோபுரம். மாதா சத்தியமாக் கோபுரம்.

"கரை! கோயில் கோபுரம்! நேர் எதிர்ல!"ன்னு கத்தினேன்.

அத்தனை பேரும் தோணி முன்னால அணியத்துப் பக்கம் ஓடி வந்து பாக்கானுங்க. ஒருத்தன் வாயும் திறக்கலை. வயித்தெரிச்சல் தம்பி. இத்தனை நாளும் நாம கத்தினோம், கடைசியில இவன் கண்டுட்டானேன்னு. தொம்மை மட்டும், "அண்ணே, அது..."ன்னு ஆரம்பிச்சான்.

"தொம்மை! வாயை மூடு"ன்னான் கஸ்பார். அப்படி ஒரு குரல் அவன்கிட்ட நான் கேட்டதில்ல. அடுத்த நிமிஷம், "எஸ்தாக்கி கரை கண்டாச்சு! பாயை மாத்துங்கல! எல்லாரும் கயித்தைப் பிடிங்கல!"ன்னு கத்திக்கிட்டு, சுக்கானை அவனே போய்ப் பிடிச்சான். பிடிச்சுத் திருப்பினான் பாருங்க, கோபுரம் இருக்கிற பக்கம் இல்ல. அதுக்கு எதிர்ப்பக்கம்!

நான் அங்க இருக்குங்கிறேன். அவன் இங்க திருப்புறான். கரையைக் கண்டது நான்னு ஒத்துக்கிட்டான், ஆனா நான் காட்டின வழியில போகமாட்டானாம். தண்டல்னா தண்டல்.

அந்த நேரம் பாத்து ஒரு பெரிய கப்பல் வந்தது. எங்கிருந்து வந்ததோ தெரியலை. எங்களை உரசுற மாதிரி, ஹார்ன் அடிச்சுக்கிட்டே போனது. காது கிழிஞ்சது. நம்ம கோபுரத்தைச் சுத்தமா மறைச்சிட்டான் பாவி. அவன் கிளப்பின அலையில தோணி இந்தப் பக்கம் படுத்து அந்தப் பக்கம் எழுந்தது. என் கால் வழுக்கி, ஒரு கையில தொங்கினேன். கஸ்பார் "எஸ்தாக்கீ!"ன்னு கத்தினான். குரல் உடைஞ்சு பொட்டச்சி குரல் மாதிரி வந்தது. தண்டலாம் தண்டல். ஒரு அலைக்கே அந்தப் பயம்.

நான் இறங்கினதும் அவன் பக்கத்துல வந்தான். தலைத்துண்டை அவுத்தான். என் தலையில கட்டினான். முடிச்சு போட அவனால முடியலை, நானே போட்டுக்கிட்டேன். மத்தவனுங்க எல்லாம் தரையைப் பாத்துக்கிட்டு நின்னானுங்க.

அதுக்கு மேல கேளுங்க. மத்தவங்க கண்ணுக்குக் கரை தெரிய அந்த நாளும் போய் அடுத்த நாளும் பாதி ஆயிருச்சு. அத்தனை தூரத்துல இருந்து நான் கண்டிருக்கேன். இப்படி ஒரு கண்ணு இந்தக் கரையில எவனுக்கு இருந்தது?

என்ன, டீ ஆறிப்போச்சா?

பலகை போட்டாங்க. கஸ்பார் எல்லாரையும் நிறுத்தி வெச்சான். "எஸ்தாக்கி இறங்கட்டும்"ன்னான். நான் இறங்கினேன், தலையில துண்டோட. முதலாளி நின்னார். கைதட்டினார். சலேத் நின்னா. வாயை முந்தானையால பொத்திக்கிட்டு அழுதா. சந்தோஷம். பலகை முடியுற இடத்துல ஒரு கை என் முழங்கையைப் பிடிச்சது. பின்னால கஸ்பார். அப்போகூட ஒட்டிக்கிட்டே இறங்குறான். என்னைத் தனியா இறங்க விட மனசில்லை.

மண்ணுல கால் வெச்ச உடனேதான் சொன்னான். என்ன சொன்னான் தெரியுமா? "எஸ்தாக்கி, இனி கரையில இரும்வே. பாய் தைக்கிற கொட்டகையில உமக்கு வேலை சொல்லியிருக்கேன். முதலாளி சரின்னுட்டார்."

நான் ஜெயிச்ச அன்னைக்கு. துண்டு தலையில இருக்கும்போது. ஏன்? பயம். அடுத்த வருஷம் தண்டல் பதவி எனக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சு. முதலாளியே கைதட்டிட்டாரே. அதான் வெட்டி விட்டான். சலேத்கிட்ட சொன்னேன், முதலாளிகிட்ட போய்க் கேப்போம்னு. "வேண்டாம், அத்தான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"ங்கிறா. சாமிக்கு அடுத்தபடி அத்தான்.

அன்னைக்கு நிறுத்தினேன் அவன்கூடப் பேச்சை. பதினஞ்சு வருஷம் இருக்கும். கோயில்ல அவன் ஒரு தூண், நான் ஒரு தூண். ஞாயித்துக்கிழமை தவறாம, "என்னவே எஸ்தாக்கி"ம்பான். நான் பதிலுக்குத் தூணைப் பாப்பேன். ஒருதரம் தூணுன்னு நெனச்சு அவனையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். சிரிக்கான். அவன் தினம் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தா நான் என்ன செய்ய?

பாய் தைச்சேன் கொஞ்ச நாள். ஊசிக் காதெல்லாம் முன்ன மாதிரி இல்ல, சின்னதா வருது இப்போ. சலேத் கொட்டகைக்கு வந்து நூல் கோத்துக் கொடுத்துட்டுப் போவா. பொறவு அதையும் விட்டுட்டேன்.

துண்டா? இருக்கு. அவ துவைச்சு மடிச்சு வெச்சிருக்கா. நான் தொடுறதில்ல. மாதா தேர் அன்னைக்கு மட்டும் கட்டுவேன். அது நான் சம்பாதிச்சது. அவன் கொடுத்ததுன்னு கட்டலை.

கதை முடிஞ்சது. போங்க. ஹார்ன் அடிக்கிறது யாரு, வேன்லயா? நீங்க இங்க இருக்கும்போது வேன்ல யாரு ஹார்ன் அடிக்கிறா? பொறுமை இல்லாத கிழடுங்க.

ஒண்ணு கேக்கணும். அவனுக்கு என்ன செஞ்சாங்க உங்க ஆஸ்பத்திரியில? கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்னு இவ சொன்னா. புரையா? எந்தக் கண்ணு? ஒண்ணுதானா, ரெண்டுமா? ரெண்டும் செஞ்சாச்சா. வலிக்கலையாமா. அவனுக்கு எதுதான் வலிச்சது.

இப்போ தெரியுதாமா?

எவ்வளவு தூரம்?

மாடியில நின்னு துறைமுகத்துத் தோணிப் பேரெல்லாம் வாசிக்கிறானா! பொய். அங்கிருந்து பேரு தெரியாது. எனக்கே தெரியாது. நான் மாடி ஏறுறதில்ல, ஏறினாலும்...

வேற என்ன சொன்னான்? மென்னு முழுங்காதீங்க. சொல்லுங்க.

எஸ்தாக்கியைவிடத் தூரம் பாக்கேன்னானா? அவன் வாயாலயா? வேன்ல எல்லார் முன்னாலயும் சத்தமாவா? இனி கரையைக் கண்டா நான்தான் முதல்ல காணுவேன், எஸ்தாக்கி காலம் முடிஞ்சதுன்னானா?

டாக்டர் வெச்சுக் கொடுத்த கண்ணு! இரவல் கண்ணை வெச்சுக்கிட்டு எஸ்தாக்கியைவிடத் தூரம் பாப்பானாமா? நானும் வெச்சுக்கிட்டா என்ன ஆகும், அதை யோசிச்சானா? வெறுங்கண்ணுலயே அவ்வளவு தூரம் கண்டவன் நான். அதுக்கு மேல டாக்டரும் கை வெச்சா? மாலத்தீவே தெரியும்ல இங்கிருந்து!

சலேத்! ஒரு வேட்டி, ஒரு துண்டு, பைல வை. சீக்கிரம்.

என்ன, பை வாசல்லயே இருக்கா? யார் கட்டினது? காலையிலயே கட்டிட்டியா? உனக்கு எப்படித் தெரியும் நான் போவேன்னு? அத்தான் சொன்னாரா? ஹும். உங்க ரெண்டு பேருக்கும் ரகசியம் பேச இன்னும் மாசிக் கருவாடு தீரலை.

நடங்க தம்பி. கையைப் பிடிக்காதீங்க. படி எனக்குத் தெரியும். மூணு படி. நாலா? சரி, பிடிச்சுக்கிடுங்க.

முன் சீட்டு காலியா? நான் பின்னால உக்கார மாட்டேன். முன் சீட்டுல வெள்ளையா ஒரு மூட்டை வெச்சிருக்கீங்களே, தலகாணியா அது? அதைத் தூக்கிப் பின்னால போடுங்க.

என்ன, மூட்டை அதுவா இறங்குது?

இருமுது.

தம்பி. இந்த இருமல் எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் ரெண்டு கண்ணும் செஞ்சாச்சே, எதுக்கு வர்றான்? துணைக்கா. யார் கேட்டா துணை? சரி. பின்னால உக்காரட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல நான்தான் முதல்ல இறங்குவேன், சொல்லிருங்க. வேன்ல இருந்து கால் கீழ வெக்கிறது முதல்ல நான். அவன் பின்னால.

தலையாட்டுறானா? பேசச் சொல்லுங்க, எனக்கு வெயில் அடிக்குது.

எனக்கொண்ணும் அந்த மூஞ்சியைப் பாக்க ஆசையில்ல தம்பி. ஆனா பாத்து ரொம்ப நாளாச்சு. கட்டு அவுக்கிற அன்னைக்கு அவனை எதிர்ல நிறுத்தச் சொல்லுங்க டாக்டர்கிட்ட. நல்லாக் கிட்டத்துல. என்னைவிடக் கிழடு தட்டியிருக்கணும் அவனுக்கு. அதைக் கண்ணாரக் கண்டாப் போதும்.